சிலிக்கன் சில்லும் அதன் உறையும்



பெங்களூருக்குப் பிழைப்பு நாடிச் சென்ற தமிழருக்கு நீலசந்திரா என்னும் பெயர் புதிதன்று. 1809-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் தம் படைக்கென அந்நகரில் கன்டோன்மென்ட் அமைத்தனர். படையைத் தொடர்ந்து கொத்தரும், தச்சரும், வணிகரும், கூலியாட்களுமாகத் தமிழ் மக்கள் பெருந்திரளாக அங்கே சென்று குடியேறினர். அவ்வாறு தமிழர் செறிந்து வாழும் பகுதிகளுள் ஒன்று, ஆஸ்டின் டவுனுக்கும் விவேக்நகருக்கும் அண்மையில் அமைந்த நீலசந்திரா. தமிழும் உருதுவும் கன்னடமும் ஒரே கடை வாசலில் ஒலிக்கும் இடம் அது.

அத்தகைய கடைத்தெருக்களிலே கைபேசி பழுது பார்க்கும் சிறு கடைகளை நீங்கள் கண்டிருக்கலாம். கடைக்கார இளைஞர் கைபேசியைத் திறந்து, உருப்பெருக்கியின் அடியில் வைத்து, வெப்பக் காற்றை மெல்ல ஊதி, நகக்கண் அளவேயுள்ள கறுப்புச் சதுரம் ஒன்றை இடுக்கியால் தூக்கி எடுக்கிறார். "ஐ.சி. போய்விட்டது அண்ணா, மாற்ற வேண்டும்" என்கிறார். கைபேசியின் சொந்தக்காரர் தலையசைத்துவிட்டு விலை கேட்கிறார். இருவரும் ஐ.சி. என்று குறிப்பிடும் அந்தக் கறுப்புப் பொருள், உண்மையில் ஐ.சி.யின் வீடு. ஐ.சி. எனப்படும் சிலிக்கன் சில்லு அதனுள்ளே கண்ணுக்குப் புலப்படாமல் குடியிருக்கிறது. நாம் காண்பது சுவரை மட்டுமே.

இவ்வீட்டைக் கட்டுவதே இன்று ஒரு தனி விஞ்ஞானமாகியிருக்கிறது. அது தனியொரு துறையின் அறிவுக்கும், தனியொரு பல்கலைக்கழகத்தின் செல்வத்துக்கும் அடங்காதது. எனவே பல்கலைக்கழகங்கள் கூடி உழைக்கும் முறை ஒன்று உலகெங்கும் உருவாகி, நீலசந்திராவிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவிலேயே நடைபெற்றும் வருகிறது. அதனைப் பற்றியே இங்கு எடுத்துரைக்க முற்படுகிறேன்.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. ஆங்கிலத்தில் பேக்கேஜிங் எனப்படும் இதனைத் தமிழில் எவ்வாறு வழங்குவது? மொழிபெயர்ப்பை உத்தியோகமாகக் கொண்டோருக்கு இத்தகைய சொற்கள் நித்தியத் தொல்லை. பொதி என்றால் கழுதையின் முதுகு நினைவுக்கு வருகிறது. சிப்பம் என்றால் மிளகாய் மண்டி கண்முன் நிற்கிறது. உறை என்பது ஒருவாறு பொருந்தும். எனினும் வாளுறை வாளைச் சும்மா வைத்திருப்பதற்கே பயன்படுகிறது. சில்லின் உறையோ சில்லு உழைக்கும்போதெல்லாம் தானும் உழைக்க வேண்டியது. இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டு, உறை என்றே இங்கு வழங்குவோம்.

உறையின் உழைப்பு யாது? சில்லின்மேல் இணைப்புகள் மிக நெருக்கமாக அமைந்துள்ளன. அங்கிருந்து பச்சைப் பலகையில் பற்றவைக்கத்தக்க அகலமான கால்களுக்கு மின்சாரத்தைக் கொண்டுவர வேண்டும். பல உறைகளில் இதனைச் செய்வது மெல்லிய பொற்கம்பி. அதன் தடிப்பு ஏறத்தாழ 25 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்கு. நம் தலைமுடியைவிட மெல்லியது. இவ்வளவு நுண்ணிய பொன்வேலையை இன்று யந்திரம் நொடிக்குப் பல முறை செய்து முடிக்கிறது. இனி, உழைக்கும் சில்லு சூடேறும். அச்சூட்டை வெளியேற்றாவிடில் அது தன்னையே அழித்துக்கொள்ளும். ஈரமும் தூசும் உள்ளே புகுந்தால் உலோகம் அரிக்கும். இவையனைத்தையும் தடுத்து, விலையும் ஏறாமல், கைதவறிக் கீழே விழுந்தாலும் உடையாமல் இருத்தல் வேண்டும். கணக்கிடும் சில்லுக்கும் நினைவில் வைக்கும் சில்லுக்கும் இவ்வளவு போதும்.

உணரி எனப்படும் சில்லுகளுக்கோ இது போதாது. காற்றழுத்தம், வாயுவின் மணம், இரத்தத்தில் உள்ள சர்க்கரை ஆகியவற்றை அறிந்து சொல்லும் சில்லு உணரி ஆகும். இதனை மற்றச் சில்லுகளைப்போல் நான்கு புறமும் மூடிவிட்டால் குருடாகிவிடும். திறந்து வைத்தால் மாண்டுவிடும். வீட்டுக்குக் கதவு வேண்டும், ஆனால் கதவின் வழியே கள்வன் வரலாகாது. உணரியின் உறையைச் சமைப்போர் எதிர்ப்படும் சங்கடம் இதுவே.

அழுத்த உணரி ஒன்றை எடுத்துக்கொண்டு சிறிது விரிவாக நோக்குவோம். இதற்கு அடிப்படையான உண்மையை 1954-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த சார்லஸ் ஸ்மித் வெளியிட்டார். சிலிக்கன், ஜெர்மானியம் ஆகிய பொருள்களை இழுத்தாலோ அழுத்தினாலோ அவற்றின் மின்தடை மாறுகிறது. அம்மாற்றம் சாதாரண உலோகக் கம்பியில் நேர்வதைப் போலப் பன்மடங்கு பெரியது. இதனைப் பயன்படுத்தும் வழி எளியது. சிலிக்கன் தகட்டின் ஒரு பகுதியைப் பின்புறமிருந்து இரசாயனத் திரவத்தால் கரைத்து, சில பத்து மைக்ரான் தடிப்பே எஞ்சுமாறு செய்கின்றனர். அது மேளத்தின் தோலைப்போல் நிற்கிறது. அத்தோலின் ஓரங்களில் நான்கு நுண்ணிய மின்தடைகளைப் பதிக்கின்றனர். அழுத்தத்தால் தோல் வளையும்போது இரண்டின் தடை ஏறுகிறது, மற்ற இரண்டின் தடை இறங்குகிறது. அந்த வேறுபாடு மின்னழுத்தமாக வெளிப்பட்டு, அழுத்தம் இவ்வளவு என்று அறிவிக்கிறது.

இதுவரை சில்லின் கதை. இனிதான் தொல்லை ஆரம்பமாகிறது.

மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடும் கொல்லரை நேயர்களுள் மூத்தோர் பார்த்திருப்பர். பட்டையை நெருப்பில் பழுக்கக் காய்ச்சி, அது விரிந்த நிலையில் மரச் சக்கரத்தின்மேல் ஏற்றி, தண்ணீரை ஊற்றுவார். பட்டை சுருங்கிச் சக்கரத்தை இறுகக் கவ்விக்கொள்ளும். கொல்லருக்கு நன்மையான இவ்விதி உணரிக்குத் தீமையாகிறது. ஒரு டிகிரி உஷ்ணம் ஏறினால் சிலிக்கன் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் 2.6 பங்கு நீள்கிறது. அலுமினியமோ ஏறத்தாழ 23 பங்கு நீள்கிறது. சில்லை அலுமினியப் பெட்டியில் நேரே ஒட்டிவிட்டால், பகலில் வெயில் ஏறும்போது பெட்டி சில்லைப் பிடித்து இழுக்கும். இரவில் குளிரும்போது நெரிக்கும். உணரி பேதைமையாக அந்த இழுப்பையும் நெரிப்பையுமே அழுத்தம் என்று நம்பி அறிவித்துவிடும். வெளியே காற்றழுத்தம் சிறிதும் மாறியிராது. வீடே குடியிருப்பவரிடம் பொய் சொல்கிறது!

இதற்குப் பரிகாரம், சில்லுக்கும் பெட்டிக்கும் நடுவே சிலிக்கனோடு ஒத்து விரியும் ஒரு கண்ணாடியை வைப்பது. போரான் கலந்த ஒருவகைக் கண்ணாடி டிகிரிக்கு 3.3 பங்கே விரிகிறது. அதனைச் சிலிக்கனோடு பசையின்றி இணைக்கும் முறையை வாலிஸ், பாமரன்ட்ஸ் என்னும் இருவர் 1969-ல் விளக்கினர். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, சுமார் 400 டிகிரி செல்சியஸ் உஷ்ணமாக்கி, நூற்றுக்கணக்கான வோல்ட் மின்னழுத்தம் கொடுத்தால் இரண்டும் ஓருடலாகிவிடுகின்றன. அப்பால் கதவைப் பற்றிய பிரச்சினை. ஆலைக் குழாயில் ஓடும் திரவத்தின் அழுத்தத்தை அளக்கும் உணரியின் முன்னே மெல்லிய எவர்சில்வர் சவ்வு ஒன்றை மாட்டி, சவ்வுக்கும் சில்லுக்கும் இடையே எண்ணெய் நிரப்புகின்றனர். திரவம் சவ்வை அழுத்தும், சவ்வு எண்ணெயை அழுத்தும், எண்ணெய் சில்லை அழுத்தும். அரிக்கும் திரவம் சில்லைத் தீண்டுவதேயில்லை. மருத்துவமனையில் இரத்த அழுத்தத்தை அளக்கும் உணரியிலோ எண்ணெய்க்கு மாறாக மென்மையான கூழ் இடப்படுகிறது. எண்ணெயில் ஒரு சிறு காற்றுக்குமிழி தங்கிவிட்டால் எல்லாம் வீண்.

இத்துணைப் பாடுபடுவதால், இத்தகைய உணரியின் அடக்க விலையில் பாதிக்கு மேலும் உறைக்கும் சோதனைக்குமே சென்றுவிடுவதுண்டு. சில்லு மலிவு, வீட்டு வாடகை அதிகம். ஆயினும் நம் கல்லூரிகளில் சில்லை வரைந்து வடிவமைப்பதற்குக் கிடைக்கும் புகழில் பத்தில் ஒரு பங்கும் உறை சமைப்போருக்குக் கிடைப்பதில்லை. இது நியாயமன்று என்பது என் கருத்து.

மேலே கண்டவற்றுள் எத்தனை சாஸ்திரங்கள் கலந்திருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். தடை மாறுவது பௌதிகம், கரைப்பது இரசாயனம், கம்பி இணைப்பது உலோகவியல், தோல் வளைவதைக் கணக்கிடுவது யந்திரப் பொறியியல், குறியைப் படிப்பது மின்னணுவியல், மருத்துவ உணரியாயின் உயிரியலும் சேரும். பல்கலைக்கழகங்களில் இவை தனித்தனிக் கட்டிடங்களில் வாழ்பவை. ஒரு துறையின் பேராசிரியர் அடுத்த துறையின் வாசலை மிதிக்காமலே ஓய்வு பெறுதலும் உண்டு. உறை விஷயத்தில் அவ்வாறு இயலாது.

இதனை முன்னதாக உணர்ந்து செயற்பட்டவருள் ஒருவர் ராவ் தும்மலா. பெங்களூரு இந்திய விஞ்ஞானக் கழகத்தில் உலோகவியல் பயின்று, அமெரிக்கா சென்று, ஐ.பி.எம். நிறுவனத்தில் உறைத் தொழில்நுட்பத்தில் நீண்ட காலம் பணிபுரிந்தவர் அவர். மின்னணு உறைகளைப் பற்றிய பெருங்கையேடு ஒன்றை 1989-ல் இணையாசிரியராக இருந்து வெளியிட்டார். பிறகு ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் அமெரிக்க அரசின் உதவியோடு உறை ஆராய்ச்சி மையம் ஒன்றை நிறுவினார். பல துறைப் பேராசிரியரும், மாணவரும், சந்தையிலே ஒருவரோடொருவர் போட்டியிடும் கம்பெனிகளின் பொறியாளரும் ஒரே கூரையின் கீழ் ஆராய்வது அங்கே கண்ட புதுமை. பெல்ஜியத்தில் லூவன் நகரில் 1984-ல் தொடங்கிய ஐமெக் நிறுவனமும் இவ்வகையதே. பொருளை விற்கும்போது போட்டி. அதற்கு முந்திய அடிப்படை அறிவைத் தேடும்போது கூட்டு. இவ்வொப்பந்தம் வணிகருக்கு எவ்வாறு உடன்பாடாயிற்று எனில், தனியே செய்வதற்கு எவரிடமும் போதிய பணம் இல்லை என்பதே விடை.

இனி பெங்களூருக்குத் திரும்புவோம். ஜம்ஷெட்ஜி டாடாவின் கனவும், மைசூர் அரசு அளித்த நிலமும் சேர்ந்து 1909-ல் உருவானது இந்திய விஞ்ஞானக் கழகம். ஊரார் அதனை இன்றும் டாடா இன்ஸ்டிடியூட் என்றே அழைப்பர். அதன் இயக்குநராக 1933-ல் பொறுப்பேற்ற முதல் இந்தியர், திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சர் சி. வி. ராமன் என்பது நமக்கெல்லாம் பெருமை தரும் செய்தி. மின்னணுப் பொருள்களை முழுமையாக வடிவமைக்கப் பயிற்றும் மையம் ஒன்று, சுவிட்சர்லாந்தின் ஒத்துழைப்போடு 1970-களில் அக்கழகத்தில் அமைந்தது. மின்சுற்றோடு நில்லாமல் பெட்டி, வெப்பம், இணைப்பு ஆகியவற்றையும் பாடமாக்கியது அம்மையம்.

2006-ல் மத்திய அரசின் தகவல் தொழில்நுட்பத் துறை, நுண்ணிலும் நுண்ணிய நானோ மின்னணுவியலுக்காக இந்திய விஞ்ஞானக் கழகத்தையும் பம்பாய் ஐ.ஐ.டி.யையும் ஒரு சேர இணைத்துச் சிறப்பு மையங்களை ஏற்படுத்தியது. இவ்வடித்தளத்தின்மீது, 2010-ல் பெங்களூருக் கழகத்தில் நானோ விஞ்ஞானப் பொறியியல் மையம் எழுந்தது. அதன் தூய அறைகளைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். நூறாம் தரம் எனப்படும் தூய அறையில், அரை மைக்ரானும் அதற்கு மேலும் பருமனுள்ள தூசித் துகள்கள் ஒரு கன அடிக் காற்றில் 100-க்கு மேற்படலாகாது. நகரத் தெருவின் காற்றிலே அவை லட்சக்கணக்கில் மிதப்பவை. உள்ளே செல்வோர் தலை முதல் கால் வரை வெள்ளாடையால் மூடிக்கொள்வர். அது உடுப்பவரைக் காப்பதற்காகவன்று, அவரது தோலிலிருந்து உதிரும் தூசியினின்று சில்லைக் காப்பதற்காக. ஒளியால் வார்ப்புரு பதிக்கும் அறையில் மஞ்சள் விளக்கே எரியும். சில்லின்மேல் பூசும் மருந்து நீல ஒளி பட்டால் கெட்டுவிடும்.

இத்தகைய கூடத்தை ஒவ்வொரு கல்லூரியிலும் கட்டுவது நடவாத காரியம். கட்டினாலும் இரவு பகல் ஓயாது காற்றை வடிகட்டும் செலவைத் தாங்க இயலாது. ஆகவே 2008-ல் தொடங்கிய பயனாளர் திட்டம் ஒன்றின் வாயிலாக, பெங்களூரு, பம்பாய்க் கூடங்களின் கதவுகள் நாட்டின் பிற பல்கலைக்கழகத்தாருக்கும் திறந்துவிடப்பட்டன. சிறு ஊர்க் கல்லூரியின் ஆசிரியர் ஒருவர், தம் கருத்தை ஆராய்ச்சிக் குறிப்பாக எழுதி அனுப்பலாம். ஏற்கப்பட்டால் அங்கே வந்து பயிற்சி பெற்றுத் தம் உணரியைத் தாமே செய்து பார்க்கலாம். 2021-ல் இத்திட்டம் புதுப்பிக்கப்பட்டு, சென்னை, டில்லி, கரக்பூர், குவாஹாத்தி ஐ.ஐ.டி.களும் சேர, ஆறு நிலையங்களுடையதாக விரிந்தது. அரசின் திட்டங்களைப் பற்றிய அறிக்கைகள் பெரும்பாலும் வாசிக்கச் சுவையற்றவை; அவற்றுள் இது ஒன்று விதிவிலக்கு. ஒரே யந்திரத்தை ஆயிரம் கைகள் பயன்படுத்துகின்றன.

இக்கூட்டுறவின் விளைவுகள் ஆய்விதழ்களின் ஏடுகளோடு நின்றுவிடவில்லை. நச்சு வாயுக்களை உணரும் சில்லுகள் பெங்களூரு மையத்தில் ஆக்கப்பட்டன. இவற்றின் நடுவே மிகச் சிறிய அடுப்பு ஒன்று சவ்வின்மேல் தொங்கி எரிகிறது எனலாம். சூடேறிய உலோக ஆக்சைடின் மின்தடை, வாயு பட்டவுடன் மாறுகிறது. வாயு உள்ளே வர வேண்டும், சூடு பெட்டியைச் சேரலாகாது; மீண்டும் உறைதான் பிரச்சினை. அம்மையத்தின் பேராசிரியர் நவகாந்த பட் முதலியோர் 2015-ல் பாத்ஷோத் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். ஒரு துளி இரத்தத்தில் சர்க்கரையை மட்டுமன்றி, அதன் சில மாதச் சராசரியைக் காட்டும் அளவையும், சோகையைக் காட்டும் அளவையும் கையடக்கக் கருவியிலேயே காணச் செய்தனர். இரத்தத்தை ஏந்தும் பட்டையில் தடவிய மருந்து ஈரம் பட்டால் பயனற்றுவிடும். நம் கடலோர ஊர்களின் புழுக்கத்தில் அது மாதக்கணக்கில் கெடாதிருக்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் வென்ற கருவி மருந்துக்கடை அலமாரியில் தோற்பதும் வெல்வதும் உறையாலேயே தீர்மானமாகிறது.

அறிவு ஓரிடத்திலேயே குவிந்திருப்பதன் அபாயத்தை நம் நாடு கசப்பாகவே கற்றிருக்கிறது. சண்டிகரை அடுத்த மொகாலியில் 1984-ல் உற்பத்தி தொடங்கிய அரசின் சில்லு ஆலை, 1989 பிப்ரவரியில் தீவிபத்துக்கு இரையாயிற்று. மீண்டும் எழப் பல ஆண்டுகள் பிடித்தன. உலகமோ இத்துறையில் ஈராண்டுக்கொரு முறை பாய்ந்து செல்வது. அந்த இடைவெளியை நாம் இன்னும் கடந்து முடிக்கவில்லை. யந்திரம் எரிந்தால் வேறு வாங்கலாம். அதனை இயக்கக் கற்ற கைகள் பல ஊர்களில் பரவியிருந்தால், எரிந்தது யந்திரத்தோடு போகும். ஆறு நிலையங்களும் அவற்றுக்கு வந்து செல்லும் கல்லூரிகளும் அத்தகைய கைகளைப் பெருக்குகின்றன.

அக்கைகளுக்கு இப்போது வேலையும் தோன்றியிருக்கிறது. 2021 டிசம்பரில் மத்திய அரசு 76,000 கோடி ரூபாய் மதிப்பில் சில்லுத் தொழிலுக்கான திட்டத்தை அறிவித்தது. அதன் கீழ் முதலில் ஒப்புதல் பெற்றது, புதிதாகச் சில்லு வார்க்கும் ஆலையன்று. குஜராத்தின் சானந்தில் மைக்ரான் கம்பெனி 2023-ல் மேற்கொண்ட உறையிடும், சோதிக்கும் ஆலையே. 2024 பிப்ரவரியில் அசாமின் ஜாகிரோட்டில் டாடா நிறுவனம் 27,000 கோடி ரூபாயில் அமைக்கும் உறை ஆலைக்கும் ஒப்புதல் கிடைத்தது. முன்பு பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ், டெலிபோன் தொழிற்சாலை ஆகியவற்றின் வாயில்களைத் தேடித் தமிழர் சென்றதுபோல, இனி சானந்துக்கும் ஜாகிரோட்டுக்கும் செல்லும் ரயில்களில் நம்மவர் ஏறக் காணலாம்.

வெளிமாநிலங்களில் வாழும் பெற்றோர், பிள்ளைகளைப் பொறியியலிற் சேர்க்கும்போது கணிப்பொறித் துறை ஒன்றையே நாடுகின்றனர். உலோகவியல், இரசாயனப் பொறியியல், யந்திரப் பொறியியல் ஆகியவற்றில் இடம் கிடைத்தால் துக்கம் விசாரிக்க வருவதுபோல் உறவினர் வருகின்றனர். சில்லுத் தொழிலில் அத்துறைகளுக்கும் சமமான இடமுண்டு என்பதை மேலே கண்டோம். பற்றவைப்பிலும் கடைசலிலும் தேர்ந்த தொழிற்பயிற்சி நிலைய மாணவருக்கும், அத்தூய அறைகளின் காற்றோட்டம், வெற்றிட யந்திரங்கள் ஆகியவற்றைப் பேணும் வேலையில் தேவை உண்டு.

முதுகலை அல்லது ஆராய்ச்சிப் படிப்பில் இருக்கும் மாணவர், எந்த மாநிலத்துக் கல்லூரியைச் சேர்ந்தவராயினும், முன்னர்க் கூறிய பயனாளர் திட்டத்தின் அறிமுக வகுப்புகளுக்கும் செய்முறைப் பயிற்சிக்கும் விண்ணப்பிக்கலாம். ஆறு நிலையங்களும் அவ்வப்போது அறிவிப்பு வெளியிடுகின்றன. அறிமுக வகுப்பில் கூடத்தையும் கருவிகளையும் பற்றி விரிவுரை கேட்கலாம். செய்முறைப் பயிற்சியில் வெள்ளாடை அணிந்து உள்ளே சென்று, தகட்டைக் கழுவி, மருந்து பூசி, மஞ்சள் விளக்கின் கீழ் வார்ப்புரு பதித்து, செய்து முடித்ததை உருப்பெருக்கியில் தாமே நோக்கலாம். அதற்குப் பின்னரே சொந்த ஆராய்ச்சிக் குறிப்பை எழுதுவது நலம். அக்குறிப்பில், செய்ய விரும்பும் சில்லைப் பற்றி மூன்று பக்கம் எழுதுவோர், அதற்கு எவ்வுறை இடுவது என்பதைப் பற்றியும் ஒரு பக்கம் எழுதி அனுப்புவாராக.